ஹாலோவெல் ஐயரின் ஊழியம்

ஐயரைக் குளிப்பாட்டித் துடைத்துக் கதிரையில் இருத்த அமலினிக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அன்று முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டாள். பத்து மணிக்கு லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குரு வருகிறார். அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதை வைத்துத்தான் இந்த வீடும் வேலையும் இனி நிலைக்குமா இல்லையா என்பது.

1997 மே மாதம், இத்தாலியின் பலெர்மோ நகரம். ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. பல்கனிக் கம்பியில் கை வைத்தால் செந்தூள் ஒட்டியது. கீழே பல்லரோ சந்தையில் மீன்காரர்கள் வாளி வாளியாகப் பனிக்கட்டி கொட்டியும் மீன்கள் கண் வெளுத்துக் கிடந்தன.

"சோளகக் காத்துப் பெயர்ந்திட்டுது பிள்ளை. உன்ரை கொப்பர் இண்டைக்குக் கடலுக்குப் போகமாட்டார்," என்றார் ஐயர்.

"அவர் செத்து ஒன்பது வருசம், ஐயர்."

"அப்ப போகமாட்டார்தானே."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மற்றப் பக்கம் ஜனவரியில் வந்த பாரிசவாதத்தோடு இழுத்துக்கொண்டுவிட்டது.

எட்வின் ஹாலோவெல் ஐயர் வெள்ளைக்காரர். வயது எண்பத்து நான்கு. தகப்பனும் தாயும் மிஷனரிகளாகக் கோப்பாயில் இருந்தபோது அங்கேயே பிறந்தவர். அன்னம் என்றொரு ஆயா தூக்கி வளர்த்ததால் முதலில் பேசியது தமிழ். எட்டு வயதில் படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். இருபத்து மூன்று வயதில் அங்கிலிக்கன் உதவிக்குருவாக யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது இவரும் போனார். பிறகு மால்டா, நேப்பிள்ஸ், கடைசியில் பலெர்மோவின் சின்ன ஆங்கிலக் கோவில். ஓய்வு பெற்ற பிறகும் கோவிலுக்குச் சொந்தமான இந்த இரண்டாம் மாடி வீட்டிலேயே தங்கிவிட்டார்.

பாரிசவாதம் அவருடைய ஆங்கிலத்தையும் இத்தாலியனையும் துடைத்தெடுத்துக்கொண்டு போயிற்று. இப்போது கேட்டாலும் விளங்குவதில்லை. மிஞ்சியது தமிழ் மட்டும்.

இதை அமலினி வைத்தியரிடம் சொல்லிப் பார்த்தாள். மாதத்தில் ஒருமுறை ஐந்து நிமிடம் வந்து போகிற மனிதர் அவள் தோளில் தட்டி, கைக்குழந்தையின் மழலை தாய்க்கு விளங்குவது மாதிரி என்று சொல்லிப் புன்னகைத்தார். 'பேச்சு முற்றாகப் போய்விட்டது, வெறும் ஒலிகள்தான்' என்று லண்டனுக்குக் கடிதமும் எழுதினார்.

நான்கு வருடங்களுக்கு முன் அமலினியும் கணவன் சூசைதாசனும் இந்த வீட்டின் பின்னறைக்கு வந்தார்கள். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர்கள். அவள் வீட்டு வேலை. அவன் பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினான். வந்த புதிதில் அவள் ஐயரைச் 'சுவாமி' என்று கூப்பிட்டாள். சுவாமிக்குப் பெண்சாதி இருக்கேலாது, எனக்கு இருந்தவ, ஆனபடியால் ஐயர் எண்டு சொல்லு என்று அவர் திருத்தினார். மேல்மாடியில் வேலை செய்த நீர்வேலி இராசேஸ்வரிக்கு அதைக் கேட்கச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கடை கோயில் ஐயர் முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார். உன்ரை ஐயர் மீன்தலையை உறிஞ்சிறார்."

உண்மைதான். பாரிசிலிருந்து ஆரோ கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியல் மாவில், பல்லரோ நண்டும் கணவாயும் போட்டு அமலினி காய்ச்சுகிற கூழுக்கு ஐயர் காலையிலிருந்தே காத்திருப்பார். குடிக்கும்போது கதை வரும். வன்னியில் சைக்கிள் சங்கிலி அறுந்து கரடிக்குப் பயந்து மரத்தில் இருந்த கதை. எலினர் என்ற மனைவி முறிகண்டிப் பக்கம் காய்ச்சலில் இறந்ததும், பெட்டி செய்யப் பலகை இல்லாமல் பள்ளிக்கூடக் கதவைக் கழற்றியதும். அமலினி அந்தக் கதைகளைக் கேட்டபடி அவருடைய கடைவாயைத் துடைத்துவிடுவாள். அந்த வீட்டில் இருந்த நாட்களைப் பிற்காலத்தில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒடியல் வாசமும் சந்தைக் கூச்சலும்தான் முதலில் வரும்.

ஆனால் அந்தக் காலையில் அவள் மனம் முழுக்க றெபேக்கா இருந்தாள்.

றெபேக்கா அவர்களுடைய மகள். ஏழு வயது. இரண்டு வயதில் அமலினியின் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தது. இப்போது பெரியம்மாவோடு மடுக்கோவில் அகதி முகாமில் இருக்கிறாள். அந்த மே மாதம் வவுனியாவுக்கு வடக்கே பெரிய சண்டை தொடங்கிவிட்டது. மகளைக் கூப்பிடுவதற்கு, வெளிநாட்டவர் அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் விண்ணப்பம் கொடுத்து ஐந்து மாதம். அதற்கு இரண்டு கடதாசிகள் முக்கியம்: வேலைக் கடிதம், வீட்டுக் கடிதம். இரண்டிலும் ஹாலோவெல் ஐயருடைய பெயர். சம்மதம் ஜூலைக்குள் வரும் என்று அங்கே இருந்த உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். ஐயர் போனால் இரண்டு கடதாசியும் செல்லாது.

பத்தேகாலுக்கு வந்த குருவின் பெயர் வில்மொட். மெலிந்த, மரியாதையான மனிதர். படியேறி வந்ததில் கழுத்துப்பட்டி நனைந்திருந்தது. அமலினி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நன்றி சொல்லிக் குடித்தார். பிறகு ஐயருக்கு எதிரே இருந்து, ஒரு கோவை மட்டையைத் திறந்து, காது கேளாதவருக்குச் சொல்வது போல உரத்து ஆங்கிலத்தில் வாசித்தார். அமலினி கன்னியர் மடத்தில் படித்தவள். அவளுக்கு எல்லாம் விளங்கியது.

பன்னிரண்டு வருட யாழ்ப்பாண ஊழியம் அந்த மட்டையில் அரைப் பக்கம். 1936இல் உதவிக்குரு, 1937இல் குரு. 1939இல், 'கோவில் தளபாடம் சம்பந்தமாகச் சபையாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால்' வன்னிக்கு மாற்றம். 1943இல் மனைவி மரணம். 1948இல் நாடு திரும்பினார். பதவி உயர்வு எதுவும் இல்லை.

ஐயர் காற்றில் ஆடுகிற பல்கனித் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்மொட் மட்டையை மூடிவிட்டு விஷயத்தைச் சொன்னார். இங்கிலாந்தில் கடற்கரை ஊரொன்றில் ஓய்வுபெற்ற குருமாருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு இல்லம் இருக்கிறது. ஐயரின் அக்கா மேபல் அங்கேதான் இருக்கிறார். எண்பத்தேழு வயது, மிகவும் பலவீனம். பக்கத்து அறையில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கிற அடுத்தவருக்குப் போய்விடும். அக்காவோடு இரண்டு வார்த்தை பேசக்கூடிய நிலையில் தம்பி இருந்தால் கூட்டிப் போகலாம் என்று நினைத்து வந்தார். இந்த நிலையில் அலைக்கழிப்பதில் அர்த்தமில்லை. இங்கேயே இருக்கட்டும், சம்பளமும் வீடும் இப்போது போலவே தொடரும்.

அமலினிக்கு மூச்சு வந்தது.

"நீங்கள் கூடவே இருக்கிறீர்கள். இவர் சொல்வது ஏதாவது உங்களுக்கு விளங்குகிறதா?" என்று வில்மொட் கேட்டார்.

"கொஞ்சம். தண்ணி, சாப்பாடு... அவ்வளவுதான்," என்றாள் அமலினி.

வில்மொட் தலையசைத்தார். பையிலிருந்து ஒரு கசற்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். இல்லத்துத் தாதி ஒருத்தி அக்காவின் குரலைப் பதிந்து தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள். பாவம், அந்த அம்மாவுக்கும் போன வருடத்திலிருந்து பேச்சுக் குழம்பிவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. ஆனாலும் போட்டுக் காட்டுங்கள், குரல் ஆறுதலாக இருக்கும் என்றார். நான்கு மணிக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் கசற் கேட்பது பெரிய வேலை. கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்களும் எழுதத் தெரியாதவர்களும் ஒரு பக்கம் அரைமணித்தியாலம் பேசி அனுப்புவார்கள். சமைக்கும்போது போட்டுக் கேட்பதுதான் வழக்கம். அமலினியும் கூழுக்குக் கணவாயை வெட்டப் பலகையில் எடுத்து வைத்துவிட்டு, குசினி ரேடியோவில் அதைச் செருகி அமத்தினாள்.

முதலில் இளம் தாதி ஒருத்தியின் ஆங்கிலம்: எட்வினுக்கு ஹலோ சொல்லுங்கள் மேபல், சொல்லுங்கள் பார்க்கலாம். பிறகு கரகரத்த, மெலிந்த கிழக்குரல்.

"தம்பி... சாப்பிட்டியே? கிணத்தடிக்குப் போகாதை, வழுக்கும். அன்னம் இன்னும் வரேல்லை. இஞ்சை ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை. நான் கேக்கிறன், ஒருத்தரும் மறுமொழி சொல்லீனமில்லை. நீ எப்ப வாறாய்?"

அமலினியின் கையில் கத்தி அப்படியே நின்றது. குரல் திரும்பத் திரும்ப அதையே கேட்டது. ஏழாவது தரமோ எட்டாவது தரமோ, நீ எப்ப வாறாய் என்று கேட்டு நின்றுபோயிற்று.

மதிய வேலை முடித்துச் சூசைதாசன் இரண்டரை மணிக்கு வந்தான். வெந்த மீனின் மணமும் சவர்க்கார மணமும் சேர்ந்து வந்தன. அவள் கசற்றைப் பின்னால் ஓடவிட்டுப் போட்டாள். அவன் காலுறை ஒன்றைக் கழற்றியபடி கேட்டான். மற்றதைக் கழற்றவில்லை.

"இதை நாங்கள் கேக்கேல்லை எண்டு வை," என்றான்.

"கேட்டிட்டமே."

"அமலி, அந்தாள் கையெழுத்து வைச்சிட்டுப் போனால் ஜூலையிலை பிள்ளை இஞ்சை. ரெண்டு மாதம். பிறகு நீயே லண்டனுக்குக் கோல் எடுத்துச் சொல்லு, நான் வேண்டாம் எண்ணேல்லை."

"ரெண்டு மாதத்திலை கட்டில் இராது. அந்தக் கிழவியும் இராது."

"எங்கடை பிள்ளை சண்டைக்குள்ளை நிக்கிறாள்."

"ஓம். அது தெரியாமலே நான் காலமை பொய் சொன்னனான்?"

சூசைதாசன் மற்றக் காலுறையையும் கழற்றினான். அவன் கெட்டவனல்ல. போன வாரம் மடுவிலிருந்து வந்த ஒருவர், முகாமைச் சுற்றி ஷெல் விழுகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்று சொன்னதிலிருந்து அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புகிறவனாகிவிட்டான். இராசேஸ்வரியும் படியில் கண்டபோது தன் பங்குக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்: வந்தவனுக்குத் தமிழ் தெரியாது, நீ சொல்லுறதுதான் ஐயர் சொன்னது, பேசாமல் இரு.

கடைசியில், ஐயருக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவம், அது அவருக்கு வந்த சாமான் என்று சூசைதாசனே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனான்.

தாதியின் ஆங்கிலத்துக்கு ஐயர் அசையவில்லை. 'தம்பி' என்று வந்ததும் நிமிர்ந்தார். 'சாப்பிட்டியே' என்றதற்கு, "இன்னும் இல்லை அக்கா, கூழ் அடுப்பிலை," என்றார். கிணற்றடிக்குப் போகவில்லை என்று சத்தியம் பண்ணினார். அன்னம் சந்தைக்குப் போய்விட்டாள், வந்துவிடுவாள் என்றார். ஒருத்தரும் கதைக்கிறதில்லை என்று அந்தக் குரல் சொன்னபோது ரேடியோப் பக்கம் சாய்ந்தார். பிறகு நல்ல கையைக் கதிரைப் பிடியில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"சப்பாத்தைக் கொண்டா பிள்ளை. அக்கா தேடுறா."

சூசைதாசன் பல்கனிக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான். நான்கு குச்சி அணைந்துபோயிற்று. ஐந்தாவதை எடுக்கவில்லை.

"இது உன்ரை விருப்பம் எண்டு உன்ரை தலையிலை போடேலாது," என்று உள்ளே பார்க்காமலே சொன்னான். "பிள்ளை ரெண்டு பேருக்கும்தான். சொல்லுறதெண்டால் நானும் பக்கத்திலை நிண்டுதான் சொல்லவேணும்."

நான்கு மணிக்கு வில்மொட் பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டே வந்து இருந்தார். அமலினி, காலையில் தான் சொன்னது பொய் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஐயர் பேசுவது வெறும் ஒலியல்ல, தமிழ். கசற்றில் அவருடைய அக்கா பேசுவதும் தமிழ். இரண்டு பேருக்கும் புத்தி தடுமாறுகிற நேரமும் உண்டு, நல்ல தெளிவான நேரமும் உண்டு. பேச்சு மட்டும் போகவேயில்லை.

வில்மொட் அவளைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், மட்டையைத் திறந்தார். கோபித்ததாகத் தெரியவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. சோதித்துப் பார்க்க நினைத்தாற்போல, குருப்பட்டம் பெற்ற நாளைப் பற்றிக் கேட்கச் சொன்னார். அவள் கேட்டாள்.

"முப்பத்தேழிலை. நல்ல மழை. பேராயருக்குத் தடிமன். தலையிலை கை வைச்ச உடனை தும்மிப்போட்டார்," என்றார் ஐயர்.

அமலினி தும்மலையும் சேர்த்து மொழிபெயர்த்தாள். வில்மொட்டின் உதடு கோணியது. விரலால் மட்டையில் ஒரு வரியைத் தொட்டு, அந்தத் தளபாட விஷயம் என்ன என்று கேட்டார்.

ஐயர் சிரித்தார்.

"தளபாடமோ? அந்தக் கோயிலிலை முன்னுக்கு மரவாங்கு, பின்னுக்குப் பாய். வாங்கிலை இருக்கிற சாதி வேறை, பாயிலை இருக்கிற சாதி வேறை. நான் ஒரு சனிக்கிழமை வாங்கு முழுக்கத் தூக்கி வெளியிலை வைச்சன். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் பாய்."

"பிறகு?"

"பாய்க்காரர் வந்தவை. வாங்குக்காரர் வரேல்லை. நாலு மாதம் வரேல்லை. பிறகு பேராயரின்ரை கடிதம் வந்தது. வாங்கு உள்ளுக்கை போச்சு, நான் வன்னிக்குப் போனன்."

அவள் அதைச் சொல்லி முடித்தபோது வில்மொட் பேனையை மட்டையின் மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காற்றில் வந்த தூள் அதில் படிந்துதான் இருந்தது. ஆனால் துடைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. அறுபது வருடமாக இந்த ஒரு வரியை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழும்பி, ஐயருக்கு முன்னால் குந்தி இருந்து, தன்னோடு அக்காவிடம் வர விருப்பமா என்று கேட்கச் சொன்னார்.

அமலினி கேட்டாள். ஐயர் அமலினியையும் கதவடியில் நின்ற சூசைதாசனையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அது அவருடைய நல்ல நேரங்களில் ஒன்று.

"அக்காவிட்டைப் போகத்தான் வேணும். ஆனால் நான் போனால் றெபேக்காவின்ரை கடதாசி பிழைச்சுப்போம். அவள் வரமட்டும் நான் இஞ்சை நிக்கிறன். அவள் வரட்டும், பிறகு போறன். இதையும் சொல்லு பிள்ளை."

வில்மொட் அமலினியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"வருகிறேன் என்கிறார்," என்றாள் அமலினி.

"அவ்வளவுதானா? நிறையச் சொன்னாரே."

"தமிழில் சொன்னால் கொஞ்சம் நீளும், ஃபாதர்."

சூசைதாசனுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். அவன் வாயைத் திறந்தான், அவள் அவனை ஒருதரம் பார்த்தாள், மூடிக்கொண்டான்.

"சொல்லிப்போட்டியே?" என்று ஐயர் கேட்டார்.

"ஓம் ஐயர். சொல்லிப்போட்டன்."

அவள் குசினிக்குப் போனபோது சூசைதாசன் பின்னால் வந்து நின்றான். அவரே நிக்கிறன் எண்டு சொன்னவர், நீ ஏன் அதைச் சொல்லாமல் விட்டனீ என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதால் அவளே சொன்னாள்:

"கட்டில் வெள்ளிக்கிழமை வரைக்கும்தானப்பா."

வியாழக்கிழமை விமானம். அமலினி ஐயரை முழு மணித்தியாலமும் எடுத்துக் குளிப்பாட்டினாள். சூசைதாசன் வேலைக்குப் போகாமல் நின்று, அவரைக் கதிரையோடு தூக்கி இரண்டு மாடியும் இறக்கினான். சந்தையில் மீன்காரர்கள் வழிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். கார்க் கதவை மூடும்போது, றெபேக்கா எந்தக் கப்பலிலை வாறாள் என்று ஐயர் கேட்டார். அடுத்த கப்பலிலை என்று அமலினி சொன்னாள். அவருக்குத் திருப்தி.

பத்து நாள் கழித்து வில்மொட்டிடமிருந்து தொலைபேசி வந்ததாகக் கோவிலில் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் காலைத் தேநீருக்குப் பேசத் தொடங்கினால் படுக்கும்வரை நிறுத்துவதில்லையாம். பாதி நேரம் சண்டையாம்.

மாத முடிவில் வீட்டைக் கொடுக்கவேண்டியிருந்தது. வேலைக் கடிதம் முடிந்ததை மறைத்தால் பின்னால் வழக்காகும் என்று இராசேஸ்வரி சொன்னாள். "உங்களை மாதிரி ஆக்களை நான் கண்டதே இல்லை," என்று அவள் அமலினியைத் திட்டினாள். திட்டிக்கொண்டே மூட்டை முடிச்சைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள்.

குவெஸ்தூராவில் அன்று மூன்று மணித்தியால வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் முன்பு கண்ட அதே பெண் உத்தியோகத்தர். கோவைக்குள் இருந்த கடதாசியைப் பார்த்துவிட்டு அமலினியைப் பார்த்தார்.

"சம்மதம் மேலே கையெழுத்துக்குப் போகவிருந்தது, சிஞ்ஞோரா. மூன்று வாரம் பொறுத்திருக்கக்கூடாதா? வேலை ஏன் முடிந்தது? விலக்கினார்களா, நீங்களே விட்டீர்களா?"

அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அமலினிக்குத் தெரிந்த இத்தாலியனில் நடந்தது முழுவதையும் சொல்ல வழியில்லை. யோசித்துப் பார்த்து, தெரிந்ததைச் சொன்னாள்.

"அவருக்கு ஒரு அக்கா இருக்கிறார்."

உத்தியோகத்தர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை வயது?"

"எண்பத்தேழு."

பின்னால் வரிசையில் ஆரோ முணுமுணுத்தார்கள். உத்தியோகத்தர் முத்திரையைக் குத்தவில்லை. கோவையைக் கீழே இருந்த இழுப்பறையில் போடப் போனவர், போடாமல் தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு துண்டில் திகதியை எழுதி நீட்டினார்.

"முப்பது நாள். அதற்குள் புதிய வேலைக் கடிதமும் வீட்டுக் கடிதமும் கொண்டுவாருங்கள். அதுவரை இது இந்த மேசையில் இருக்கும். முப்பத்தோராவது நாள் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

வெளியே காற்று விழுந்திருந்தது. படியின் கடைசியில் சூசைதாசன் எழும்பி நின்றான். அவள் துண்டை அவன் கையில் வைத்து, வாசித்து முடிக்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"உங்கடை முதலாளியின்ரை தாய் விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறா எண்டனீங்கள் எல்லோ. ஆர் அவவோடை வீட்டிலை இருந்து பாக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அது பொல்லாத கிழவி, ஆளுக்கு ஆள் ஓடிப்போகினம்."

"ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ் எத்தினை மணிக்கு?"